அப்பாவுக்குப் பத்து வருஷ வாரன்டி

நெஞ்சுக்குள் ஒரு சின்னக் கம்பிக் குழாயை வைத்து வீட்டுக்கு அனுப்பிய டாக்டரிடம் அப்பா கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

"இதுக்கு எத்தனை வருஷம் வாரன்டி டாக்டர்?"

டாக்டர் சிரித்தார். நர்ஸ் சிரித்தார். அவர்கள் சிரிக்கிறார்களே என்று அம்மாவும் சிரித்தாள். சிரிக்காதவன் கட்டிலின் கால்மாட்டில் மாத்திரைப் பையோடு நின்ற மகன் மட்டும்தான். டாக்டர் சிரித்தாரே தவிர பதில் சொல்லவில்லை. புள்ளியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறவன் அதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. விடை வராத கட்டத்தைக் காலி என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போ என்றுதான் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இவனால் அடுத்ததற்குப் போக முடியவில்லை.

வீட்டில் அவனுக்குப் பெயர் ஆபீசர். எந்த வேலை சொன்னாலும் 'பார்க்கலாம்' என்று பதில் சொல்வதால் சின்ன வயதிலேயே அப்பா கொடுத்த பதவி. அப்பா நகரப் பேருந்து ஓட்டுநர். அதாவது, இருந்தவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு, இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டிப்போவில் எழுதிக் கொடுத்து, கூடவே ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடிகாரம் இப்போது கூடத்துச் சுவரில் தன் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தபடியே மணி காட்டிக்கொண்டிருந்தது.

உறைக்குக் காரணம் உண்டு. அந்த வீட்டில் புதுசாக வந்த எதையும் உரிப்பது வழக்கமில்லை. ஃபிரிட்ஜ் கதவில் கம்பெனிக்காரன் ஒட்டி அனுப்பிய நீலத்தாள் ஓரமெல்லாம் சுருண்டு போயும் நடுவில் மட்டும் கொள்கைப் பிடிப்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. நாற்காலிகளில் உட்கார்ந்தால் சரசரக்கும். வெயில் காலத்தில் எழுந்தால் நாற்காலியும் கொஞ்ச தூரம் வழியனுப்ப வரும். "பிரிச்சா புதுசு போயிடும்" என்பது அம்மாவின் கட்சி. அந்தக் கட்சிக்குத் தலைவர் அப்பா. தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதற்காக வாங்கிய ஷூ, அட்டைப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. அதைப் பத்திரமாக வைத்திருப்பதற்காக அப்பா நடக்காமல் இருந்தார்.

நடப்பதற்குப் பதிலாக ஜன்னலோரம் உட்கார்ந்து, கீழே தெருவில் போகும் பேருந்துகளைத் திட்டினார்.

"செகண்ட்லயே இழுத்துட்டுப் போறான் பாரு. கியர் மாத்தினா கை தேஞ்சிடுமா?"

நாளாக ஆகத் திட்டுவதும் குறைந்தது. பேருந்து போகும்; அப்பா பார்ப்பார்; அவ்வளவுதான். திட்டைவிட அந்த அமைதிக்குத்தான் ஆபீசர் பயந்தான்.

ஒருநாள் அவன் ஃபோனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தபோது, தோளுக்குப் பின்னாலிருந்து பழைய குரல் வந்தது.

"யாருடா இவன், இண்டிகேட்டர் போடாம திரும்பறான்?"

"இது கேம்ப்பா. பஸ் ஓட்டற கேம்."

"கேமா இருந்தா இண்டிகேட்டர் வேண்டாமா?"

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாற்காலி சரசரத்தது. அந்த ஓட்டுநர் செய்த தப்புகளையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். வீடியோ முடிந்தது. பிறகு, கடையில் விலை கேட்கக் கூச்சப்படுகிறவர்போல் கேட்டார்.

"இதை ஓட்ட மெடிக்கல் டெஸ்ட் எதுவும் எடுக்க வேண்டாம்ல?"

"வேண்டாம்ப்பா. நல்ல கம்ப்யூட்டர் இருந்தா போதும்."

"அப்ப நீயே பாத்து வாங்கு. ஆனா ஒரே தடவை உருப்படியா வாங்கு. நடுவுல இது போச்சு அது போச்சுன்னு மாத்தற வேலையெல்லாம் வேண்டாம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னார்: "எனக்கு இதுதான் கடைசி வண்டி."

சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவனால் முடியவில்லை. கடைசி வண்டி என்றால் எவ்வளவு நாள் ஓட வேண்டும்? டாக்டர் காலியாக விட்ட கட்டம் மறுபடி வந்து எதிரே நின்றது. அன்றைக்கு ஆபீசர் மனசுக்குள் யாருக்கும் தெரியாமல் ஓர் ஒப்பந்தம் போட்டான். இந்த இயந்திரம் எத்தனை வருஷம் ஓடுகிறதோ, அப்பாவும் அத்தனை வருஷம். எதிர்த்தரப்பில் கையெழுத்துப் போட்டது யார் என்று அவனுக்கே தெரியாது. புள்ளியியலில் இதற்கு இடமே இல்லை என்பது மட்டும் தெரியும். தெரிந்தும் போட்டான்.

அதற்குப் பிறகு அவன் பாகங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, ஆயுளைத் தேர்ந்தெடுத்தான்.

கல்லூரியில் இதற்கெல்லாம் ஒரே அதாரிட்டி, பெஞ்ச்மார்க் என்று எல்லாரும் கூப்பிடும் நண்பன். வகுப்பில் கடைசி பெஞ்சு, இணையத்தில் முதல் வரிசை. எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு எந்தக் கேமில் எவ்வளவு வேகம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்; பகலிலேயே பெரும்பாலும் தூக்கம்தான் என்பதால் எழுப்பித்தான் கேட்க வேண்டும்.

"பவர் சப்ளை எது எடுக்கலாம்டா?" என்று பாடம் நடக்கும்போதே கேட்டான் ஆபீசர்.

"இது எடு. அஞ்சு வருஷம் வாரன்டி. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."

"அஞ்சா?"

"ஏன், போதாதா? யாருக்கு?"

"அப்பாவுக்கு."

"அதான்டா கேக்கறேன். உங்கப்பாவுக்கு அஞ்சு வருஷம் போதாதா?"

ஆபீசர் எழுந்து வகுப்பை விட்டே போய்விட்டான். உள்ளே பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், மூன்று வருஷத்தில் முதல்முறையாகத் தன் பாடம் ஒருவன் மனசைத் தொட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

அன்றே பத்து வருஷ வாரன்டி உள்ள பவர் சப்ளை என்று முடிவாகிவிட்டது. அந்த இயந்திரத்துக்குத் தேவையான மின்சாரத்தைப் போல இரண்டு மடங்கு அதால் தர முடியும். பரவாயில்லை, திணறாமல் ஓடட்டும். மதர்போர்டில் இன்னொரு கண்டம். இணையத்தில் சிக்கிய ஒரு நல்ல போர்டைக் காட்டியபோது, பெஞ்ச்மார்க் உதட்டைப் பிதுக்கினான். "இதுக்கு இனிமே புது பிராசசர் எதுவும் வராது மச்சான். இதோட கதை முடிஞ்சுது." ஆபீசர் அந்தப் பக்கத்தை உடனே மூடினான். இனிமேலும் ஏதாவது வரக்கூடிய போர்டுதான் வேண்டும்.

கிராஃபிக்ஸ் கார்டில் சண்டையே வந்தது.

"பஸ் ஓட்டறதுக்கு எதுக்குடா இவ்ளோ பெரிய கார்டு? உங்கப்பா பஸ் ஓட்டறாரா, ராக்கெட் விடறாரா?"

ஆபீசரிடம் பதில் இருந்தது. வெளியே சொல்ல முடியவில்லை. பத்து வருஷம் கழித்து வரும் கேமில் மழை எவ்வளவு நிஜமாகப் பெய்யும் என்று யாருக்குத் தெரியும்? அந்த மழையில் அப்பா வைப்பர் போட வேண்டும். போட அப்பா இருக்க வேண்டும். ஆகவே பெரிய கார்டு.

பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலரின் விசிறி ஒன்றரை லட்சம் மணி நேரம் சுழலும் என்று பெட்டியில் போட்டிருந்தது. அதை வருஷமாக மாற்றிப் பார்த்தான். நன்றாகவே வந்தது. பிறகு, அது சராசரி என்பது நினைவுக்கு வந்தது. சராசரி என்றால் பாதிக்குப் பாதி அதற்கு முன்பே நின்று போகலாம் என்பது அடுத்து நினைவுக்கு வந்தது. படித்த படிப்பு முதல்முறையாகப் பயன்பட்டது, பயமுறுத்துவதற்கு.

கடைக்காரர் பொறுமைசாலி. ஒரே ஹார்ட் டிரைவைப் பற்றி ஒரே பையன் மூன்று தடவை வந்து கேட்டும் மூன்று தடவையும் முதல் தடவைபோலவே பேசினார்.

"தம்பி, எத்தனை வருஷம் ஓடணும்னு சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி எடுத்துத் தரேன்."

"எத்தனை வருஷம் முடியுமோ அத்தனை வருஷம்ண்ணா."

"எல்லாரும் அதான் கேக்கறாங்க."

"கேட்டவங்களுக்கு ஓடிச்சா?"

கடைக்காரர் சிரித்தார். இந்த மாதிரி சிரிப்பை அவன் ஏற்கெனவே ஓர் ஆஸ்பத்திரியில் பார்த்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டு மேசையில் எல்லாம் பரப்பப்பட்டது. அப்பா எதிரே கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா பின்னால் நின்று, ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் விழும் உறை, நுரைத்தாள், சின்னப் பொட்டலம் எல்லாவற்றையும் கீழே விழுமுன் கைப்பற்றினாள். கூலரோடு வந்த குறிப்புப் புத்தகம் ஒட்டிய உறைக்குள் அழகாக இருந்தது. அதை உறை பிரிக்காமலே பீரோவில் வைத்தாள்.

"அதைப் படிக்கணும்மா."

"எங்க போயிடப் போகுது? பீரோவுலதான் இருக்கு. வேணும்னா கேளு."

பிராசசரை அதன் இடத்தில் வைத்து, கொக்கியை அழுத்தியபோது வந்த 'நறுக்' சத்தத்தில், உடைந்தது பிராசசரா தன் எலும்பா என்று கொஞ்ச நேரம் விளங்கவில்லை. கடைசியாகக் கூலரைத் திருப்பினான். அடிப்பக்கம் செம்பு பளபளவென்று மின்னியது. அதன்மேல் கண்ணுக்கே தெரியாத ஒரு மெல்லிய பிளாஸ்டிக். ஓரத்தில் நகத்தை வைத்தான்.

"ஐயோ, அதை ஏன்டா உரிக்கறே?" என்றாள் அம்மா. "கண்ணாடி மாதிரி இருக்கு பாரு. கீறல் விழுந்துடும்."

அவன் அப்பாவைப் பார்த்தான். கட்சித் தலைவர் தலையசைத்தார்.

"இருக்கட்டும்டா. நாள்பட உழைக்கும்."

இத்தனை வீடியோ பார்த்தவனுக்கு இது தெரியாதா என்றால், அந்த இடம் வரும்போதெல்லாம் அவன் ஃபோனில் வேறு பக்கத்தில் அடுத்த பாகம் எத்தனை வருஷம் தாங்கும் என்று தேடிக்கொண்டிருந்தான். மேலும், நாள்பட உழைக்கும் என்பதைத் தவிர அவனுக்கு இப்போது வேறு எதுவும் காதில் ஏறாது. நகத்தை எடுத்துக்கொண்டான். பிராசசர்மேல், சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட்டைத் தடவினான். பாதி போதும் என்று அம்மா ட்யூபைப் பிடுங்கி மூடினாள். பிளாஸ்டிக்கோடு கூலரை வைத்துத் திருகாணிகளை முடுக்கினான்.

பொத்தானை அழுத்தியதும் இயந்திரம் உயிர் பெற்றது. மூன்று பேரும் அதைப் பார்த்து நின்ற நிலையில் யாராவது உள்ளே வந்திருந்தால், குழந்தை பிறந்திருக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

அப்பா உள்ளே போய் பேன்ட் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"வீட்டுல எதுக்குப்பா பேன்ட்?"

"டூட்டின்னா டூட்டிதான்."

கம்ப்யூட்டரோடு வாங்கி மேசையில் பொருத்தியிருந்த ஸ்டியரிங்கில் கை வைத்தார். கண்ணாடியைப் பார்த்தார். இண்டிகேட்டர் போட்டார். பேருந்து ஸ்டாண்டை விட்டு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் அடுத்த ஸ்டாப்ல இறங்கிக்கறேங்க."

"முன்னாடியே எழுந்து நில்லு. அப்புறம் கத்தாதே."

அப்பா சிரித்தார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு இந்தச் சிரிப்பு இப்போதுதான். ஆனால் ஆபீசர் அதை முழுசாக அனுபவிக்கவில்லை. திரையின் மூலையில் பிராசசரின் சூட்டைக் காட்டும் எண் தெரியும்படி வைத்திருந்தான். அது எண்பதைத் தாண்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். தொண்ணூறு. விசிறி முதலில் பெருமூச்சு விட்டது, பிறகு இரைந்தது, பிறகு மேசையோடு கிளம்பிவிடும்போல் அலறியது. தொண்ணூற்று எட்டு. பேருந்து விட்டுவிட்டு நகர்ந்தது.

"ஆபீசர், வண்டி திணறுதுடா."

நூறு.

திரை இருண்டது. விசிறி நின்றது. கூடத்தில் பிளாஸ்டிக்குக்குள் இருந்த கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டது.

ஆபீசர் இயந்திரத்தைப் பார்க்கவில்லை. அப்பாவின் சட்டைப் பையைப் பார்த்தான். அது ஏறி இறங்குகிறதா என்று பார்த்தான். இறங்கியது. ஏறுமா? ஏறியது. மறுபடி ஏறுமா?

"என்னை ஏன்டா முறைக்கறே? நின்னது அது."

மறுபடி போட்டுப் பார்த்தார்கள். இந்த முறை பேருந்து ஸ்டாண்டையே தாண்டவில்லை. அப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.

"சரி விடு. ஓடற வரைக்கும் ஓடிச்சு."

ஜன்னலோர நாற்காலிக்குப் போய்விட்டார். கீழே ஒரு பேருந்து போனது. அவர் திட்டவில்லை.

ஆபீசர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பெஞ்ச்மார்க்கைக் கூப்பிட்டான். எது போயிருக்கும்? பத்து வருஷம் என்று எழுதி வாங்கியதெல்லாம் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டதா? அப்படியானால் அந்த ஒப்பந்தத்தின் இன்னொரு பக்கம்?

"சூடு எவ்ளோ காட்டிச்சு?" என்றான் பெஞ்ச்மார்க்.

"நூறு."

"பேஸ்ட் போட்டியா?"

"போட்டேன்."

"கூலர் அடியில இருந்த பிளாஸ்டிக்கை உரிச்சேல்ல?"

ஆபீசர் குழாயைத் திறந்து மூடினான்.

"மச்சான்? உரிச்சேல்ல?"

"எங்க வீட்ல உரிக்க மாட்டாங்கடா."

மறுமுனையில் முதலில் ஒரு விக்கல். பிறகு, மூன்று வருஷமாக வகுப்பில் யாரும் பார்த்திராத விழிப்போடு பெஞ்ச்மார்க் சிரித்தான். "டேய், பிராசசருக்கு ரெயின்கோட் போட்டு விட்டிருக்கே நீ! சூடு வெளிய எப்படிடா போகும்? கழட்டு போ. ஒண்ணும் ஆகியிருக்காது. தன்னைக் காப்பாத்திக்கத்தான் அது நின்னிருக்கு."

ஆபீசர் திருகாணிகளைக் கழற்றினான். கூலர் 'பொளக்' என்று பிரிந்து வந்தது. அதன் அடியில் பிளாஸ்டிக், பேஸ்ட் அப்பி, நடுவில் பொசுங்கி மடங்கிக் கிடந்தது. அப்பா எழுந்து வந்து, அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"இதுவா?"

"இதுதான்."

"நான்தானே இருக்கட்டும்னேன்."

"நானும்தான் விட்டேன்ப்பா. நாள்பட உழைக்கும்னு நீங்க சொன்னீங்க. அதுக்கு மேல எனக்கு எதுவும் ஓடலை." நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "பவர் சப்ளைக்கு அஞ்சு வருஷ வாரன்டியே போதும்னு சொன்னாங்க. எனக்கு எடுக்க மனசு வரலை. எல்லாத்துலயும் பத்து, பத்துக்கு மேலன்னு தேடித் தேடி எடுத்தேன். நீங்க கடைசி வண்டின்னு சொன்னீங்கள்ல. இது எவ்ளோ நாள் ஓடுதோ... அதான். இது நின்னதும் எனக்கு..."

கையில் கூலரை வைத்துக்கொண்டு அழுகிறவனுக்குக் கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. அப்பா அந்தக் கூலரை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அம்மா டிஷ்யூ எடுக்கிற சாக்கில் உள்ளே போனாள்.

"அப்ப என் கணக்கை இந்த டப்பாவுல எழுதி வெச்சிருக்கே."

ஆபீசர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பத்து வருஷம்."

"ம்."

அப்பா செம்பின்மேல் இருந்த பிளாஸ்டிக்கின் ஓரத்தைப் பிடித்தார். பிடித்தவர் ஒரு நொடி தயங்கினார். புதுசு எதையும் உரிப்பது அவர் வாழ்க்கையில் இதுதான் முதல்முறை. பிறகு சர்ரென்று இழுத்தார்.

"யாருடா ஒரே வண்டியைப் பத்து வருஷம் ஓட்டுவான்? டிப்போவுலயே எனக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை வண்டி மாத்திக் குடுத்தாங்க. அஞ்சு முடிஞ்சதும் எனக்குப் புதுசு வேணும். அப்ப நீ சம்பாதிச்சிட்டிருப்பே. நீதான் வாங்கித் தரணும்."

"பார்க்கலாம்" என்றான் ஆபீசர்.

"பாத்தியா, ஆபீசர் வந்துட்டார்."

அம்மா டிஷ்யூவோடு மீதிப் பேஸ்ட் ட்யூபையும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். "பாதி வெச்சது நல்லதாப் போச்சா இல்லையா?" ஆபீசர் அதைப் பிதுக்கிப் பிராசசர்மேல் தடவி, கூலரை மறுபடி முடுக்கினான். பொசுங்கிய பிளாஸ்டிக்கை அவள் ஒரு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். எதற்காவது ஆகுமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு குப்பையில் போட்டாள். கொஞ்சம் வருத்தத்தோடுதான்.

இந்த முறை விசிறி இரையவில்லை. மூலையில் எண் ஐம்பதுகளில் ஏறி, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. அப்பா முதல் ட்ரிப்பை முழுசாக முடித்து, கடைசி ஸ்டாண்டில் வண்டியை ஓரம் கட்டினார். நடுவில் குறுக்கே வந்த ஒரு காரை அதன் வம்சத்தோடு சேர்த்து விசாரித்தார். அந்தக் காரில் ஆளே இல்லை என்று ஆபீசர் சொல்லிப் பார்த்தான். ஆளில்லாமல் ஓட்டுகிறவனுக்கு இவ்வளவு திமிரா என்று இன்னும் கோபம் வந்தது.

வண்டியை நிறுத்தியதும் எழுந்து சோம்பல் முறித்தார்.

"ஒரு ட்ரிப் முடிஞ்சா இறங்கி நடக்கணும். இல்லேன்னா கால் மரத்துடும். அந்த ஷூவை எடு."

"இப்பவா? தூறல் போடுதுங்க" என்றாள் அம்மா. "புதுசு நனைஞ்சிடும்."

"நனையட்டும்."

பெட்டி வந்தது. பிளாஸ்டிக்கை உரித்தார். இரண்டாவது தடவை என்பதால் தயக்கம் இல்லை. காலை உள்ளே விட்டு, அழுத்தி, முகத்தைச் சுளித்தார்.

"சின்ன சைஸ் குடுத்துட்டான்டா. விரல் மடங்குது."

ஆபீசர் குனிந்து ஷூவைக் கழற்றி உள்ளே கையை விட்டான். நுனியில் கம்பெனிக்காரன் அடைத்திருந்த காகித உருண்டை இன்னும் அப்படியே இருந்தது. இரண்டு ஷூவிலிருந்தும் உருவி வெளியே போட்டான். அப்பா மறுபடி காலை விட்டார். சரியாக இருந்தது.

படிகளில் புது ஷூ 'கீச், கீச்' என்று இறங்கியது. ஆபீசர் வீட்டுக் கதவருகே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டான். முதல் மாடி. வாசல். தெரு. அதற்குமேல் கேட்கவில்லை. பழக்க தோஷத்தில் எத்தனை நிமிஷத்தில் திரும்பி வருவார் என்று மனசு கணக்குப் போடத் தொடங்கியது. பாதியில் விட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். குடைக்கு இன்னும் உறை இருந்தது. ஓடிக்கொண்டே உருவினான்.